சரக்கு சரக்குதானா?

நம் நாட்டின் பல நகரங்களில் 'ஒயின் ஷாப்' என்று பலகை தொங்கும் கடைக்குச் சென்று ஒயின் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு கணம் விழிப்பார். விஸ்கியும் பிராந்தியும் ரம்மும் பீரும் வரிசையாக நிற்கும். பலகையில் எழுதப்பட்ட பொருள் மட்டும் ஏதோ ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும்; சில கடைகளில் அதுவும் இராது. சொற்பொருள் விரிவு என்றால் என்ன என்று முதலாண்டு மாணவருக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் இந்த விரிவு சட்டத்துக்குள் புகும்போது அது வகுப்பறையோடு நிற்பதில்லை. ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பிவிடுகிறது.

சென்ற வாரம் எங்கள் ஆய்வாளர் வட்டத்தில் மாநில எல்லைகளைக் கடக்கும் மதுச் சரக்கைப் பற்றிப் பேச்செடுத்தேன். ஒரு நண்பர், "மது முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிட்டாயா?" என்று கேட்டார். இன்னொருவர், "ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது" என்றார். இருவருக்கும் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இது அந்தப் பதில். நீளமானது, பொறுத்தருள்க.

என் ஆய்வு காவல்துறை ஆவணங்களின் மொழியைப் பற்றியது. அதன் பொருட்டுக் கீழமை நீதிமன்றம் ஒன்றில் பல மாதங்கள் அமர்ந்திருந்தேன். எந்த மாநிலம் என்று சொல்லப்போவதில்லை. இந்த நிகழ்ச்சி ஏறத்தாழ எந்த மாநிலத்திலும் நடந்திருக்கக்கூடியது. ஒருநாள் வழக்கறிஞர் ஒருவர் என்னிடம் வந்து, தமக்கு ஒரு தமிழரிடம் பேச வேண்டியிருக்கிறது, மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார். அப்படித்தான் அந்த லாரி ஓட்டுநரைச் சந்தித்தேன். நாமக்கல் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். அவரை அண்ணன் என்றே இங்கு குறிப்பிடுகிறேன்.

நாசிக்கில் ஏற்றிய 600 பெட்டி ஒயின் அவர் லாரியில் இருந்தது. பெட்டிக்கு 12 புட்டி வீதம் 7,200 புட்டிகள், 5,400 லிட்டர். உரிய தீர்வை செலுத்தப்பட்ட சரக்கு. அனுப்புபவரின் தாள், பெறுபவரின் தாள், வழியிலுள்ள மாநிலத்தைக் கடப்பதற்கான தாள் என எல்லாம் அவர் கையில் இருந்தன. கடப்பதற்கான தாளில் லாரியின் எண், செல்லும் பாதை, செல்லுபடியாகும் நாள்கள் ஆகியவை குறிக்கப்பட்டிருந்தன. வழியில் கியர்பாக்ஸ் உடைந்தது. உதிரிப்பாகம் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. சோதனைச் சாவடியை அவர் அடைந்தபோது அந்தத் தாள் காலாவதியாகி ஒரு நாள் ஆகியிருந்தது.

ஒன்பது நாள் சிறை. பிறகு பிணை. லாரி பறிமுதலாகி வெயிலில் நின்றது. அவர் கையொப்பமிட்ட மகஜர் அவரால் ஓர் எழுத்துக்கூடப் படிக்க முடியாத மொழியில் இருந்தது. அதை நான் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "மதுவைச் சட்டத்துக்குப் புறம்பாக இம்மாநிலத்துக்குள் இறக்குமதி செய்தார்" என்ற இடத்தில் அவர் என்னை நிறுத்தினார்.

"தம்பி, இறக்குமதின்னா கப்பல்ல வர்றதுதானுங்களே? நான் எங்கீங்க இறக்குனேன்? தாண்டிப் போகத்தானுங்க வந்தேன்."

இரண்டு ஆண்டுகளாக நான் படித்த கோட்பாட்டு நூல்கள் எதுவும் சொல்லாததை அவர் மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

நம் மாநில மதுச் சட்டங்களில் 'இறக்குமதி' என்பதற்கு அகராதிப் பொருள் கிடையாது. பம்பாய் மதுவிலக்குச் சட்டம், 1949-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் சுங்க எல்லையைக் கடந்து வருவதை நீக்கிவிட்டு, மாநிலத்துக்குள் கொண்டுவருவதை அது இறக்குமதி என்கிறது. மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்வதை ஏற்றுமதி என்கிறது. மாநிலத்துக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்துவதற்கு வேறொரு சொல்லை வைத்திருக்கிறது. விற்பதற்காகவா, இறக்கி வைப்பதற்காகவா, கடந்து செல்வதற்காகவா என்ற நோக்கத்தை இறக்குமதியின் வரையறை கேட்பதில்லை. தமிழில் 'மாநிலத்துக்குள்' என்பது வேறு, 'மாநிலத்தின் வழியாக' என்பது வேறு. ஒன்று சேருமிடத்தைக் காட்டுகிறது. மற்றொன்று பாதையைக் காட்டுகிறது. இந்த வேறுபாட்டை மூன்று வயதுக் குழந்தை அறியும். தாளின் தேதி உயிரோடிருக்கும்வரை சட்டமும் அறிந்திருக்கிறது. தேதி முடிந்த மறுகணம் பாதை சேருமிடமாகிவிடுகிறது, வழிப்போக்கர் கடத்தல்காரராகிவிடுகிறார்.

அதே 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மற்றொரு வேடிக்கையையும் பாருங்கள். 1960 மே 1-இல் பம்பாய் மாநிலம் மகாராஷ்டிரமாகவும் குஜராத்தாகவும் பிரிந்தபோது இரண்டும் அந்தச் சட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. குஜராத்தில் அது இன்றும் மதுவிலக்குச் சட்டமாகவே இயங்குகிறது. மகாராஷ்டிரத்திலும் அதன் பெயர் மதுவிலக்குச் சட்டம்தான். ஆனால் அந்தப் பெயரின் நிழலில் அம்மாநிலம் 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழிற்கொள்கையை வகுத்து, உள்ளூர் ஒயினுக்குத் தீர்வை விலக்கு அளித்து, நாசிக்கை நாட்டின் ஒயின் தலைநகராக வளர்த்தது. நாசிக்கிலிருந்து குஜராத்தின் சாபுதாராவுக்கு 80 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். அந்த 80 கிலோமீட்டருக்குள் ஒரே மூலத்திலிருந்து வந்த சட்டம் ஓரிடத்தில் உழவரின் விளைபொருளைக் காக்கிறது, மற்றோரிடத்தில் அதே பொருளை வைத்திருப்பவரைக் கைது செய்கிறது. 2023 டிசம்பரில் குஜராத் அரசு காந்திநகர் அருகேயுள்ள கிஃப்ட் சிட்டியில் மட்டும் மது அருந்துவதற்கு விலக்கு அளித்தது. முதலீட்டாளருக்காக வளையும் சட்டம், கியர்பாக்ஸ் உடைந்தவருக்காக ஒரு நாள் வளைய மறுப்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

'ஒயின் மது அல்ல' என்று வாதிடுவது என் நோக்கமன்று. 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை பெரிய அங்காடிகளில் ஒயின் விற்க அனுமதிக்க முடிவெடுத்தபோது அந்த வாதம் உரக்கக் கேட்டது. எதிர்ப்பும் அவ்வளவே உரக்கக் கேட்டது. ஒயின் மதுதான். ஆனால் தனக்குத் தேவைப்படும்போது சட்டம் மதுவுக்குள் வகை பிரிக்கத் தயங்குவதில்லை. திருப்பலிக்கான ஒயினுக்குத் தனி அனுமதி உண்டு. மருந்துக்கான சாராயத்துக்குத் தனி விதி உண்டு. 1951-இல் பல்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் பம்பாய்ச் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டபோதும், சாராயம் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் குடிவகைகளோடு ஒன்றாகக் கட்டிய பகுதிகளைச் செல்லாதவையாக்கியது. ஆக, நோக்கத்தைப் பார்க்கச் சட்டத்துக்குத் தெரியும். சாலையில் மட்டும் அதன் பார்வை மங்கிவிடுகிறது.

இனி அரசமைப்புக்கு வருவோம். ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் எட்டாம் பதிவு, போதை தரும் மதுவின் உற்பத்தி, கையிருப்பு, போக்குவரத்து, கொள்முதல், விற்பனை அனைத்தையும் மாநிலங்களிடம் தருகிறது. ஒன்றியப் பட்டியலின் 42-ஆம் பதிவு, மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒன்றியத்திடம் தருகிறது. உறுப்பு 301 நாடு முழுவதும் வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்கும் என்று உறுதியளிக்கிறது. உறுப்பு 47 மதுவிலக்கை நோக்கி முயலுமாறு அரசைப் பணிக்கிறது. நாசிக்கிலிருந்து புறப்படும் ஒரு லாரி இந்த நான்கின்மீதும் ஒரே நேரத்தில் ஓடுகிறது.

இங்கே எழும் கேள்வி மிக எளியது: மது ஒரு சரக்கா, இல்லையா? தமிழ்ப் பேச்சுவழக்கில் 'சரக்கு' என்றால் பண்டம். 'சரக்கு' என்றால் மதுவும்தான். நம் மொழி இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. சட்டம் எழுபது ஆண்டுகளாக முடிவெடுக்காமல் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருக்கிறது.

மதுவில் வணிகம் செய்ய எவருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைத்த கருத்து. 1994-இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் அது விரிவாகச் சொல்லப்பட்டது. மது இயல்பிலேயே வணிகத்துக்குப் புறம்பான பொருள் என்பது அந்தக் கருத்தின் அடிக்கல். நல்லது. அப்படியானால் மத்திய விற்பனை வரிச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தச் சட்டத்தில் 'சரக்கு' என்ற சொல்லின் பொருள் ஆறே ஆறு பண்டங்களாகச் சுருங்கியது. கச்சா எண்ணெய், டீசல், பெட்ரோல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள், ஆறாவதாக மனிதர் அருந்தும் மது. அதாவது, வரி வாங்கும் மேசையில் மது நாட்டின் ஆறு சரக்குகளில் ஒன்று. சாலையில் உரிமை கேட்கும்போது அது சரக்கே இல்லை. ஒரு சொல்லை இப்படி இரு பொருளில் ஆள்வதைக் கவிதையில் சிலேடை என்று பாராட்டுவோம். குற்றவியல் சட்டத்தில் அதற்கு இடமே இருக்கக் கூடாது.

பணத்தின் கதையும் இதே கதைதான். மாநிலப் பட்டியலின் 51-ஆம் பதிவு, வெளிமாநில மதுவின்மீது ஈடுசெய் தீர்வை விதிக்க அனுமதிக்கிறது. ஆனால் உள்ளூர் மதுவின்மீதான விகிதத்துக்குச் சமமாகவோ குறைவாகவோதான் விதிக்கலாம் என்று கட்டளையிடுகிறது. 1965-இல் கல்யாணி ஸ்டோர்ஸ் வழக்கில் ஒரிசா அரசு விதித்த அத்தகைய தீர்வை உயர்வை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மாநிலத்துக்குள் அந்த மது உற்பத்தியே ஆகாதபோது எதை ஈடுசெய்ய இந்தத் தீர்வை என்பது அங்கு எழுந்த கேள்வி. ஆனால் 1975-இல் ஹர் சங்கர் வழக்கு வந்தது. மது வணிகத்துக்காக அரசு வாங்கும் தொகை வரியன்று, தனக்குரிய சிறப்புரிமையை விட்டுக்கொடுப்பதற்கான விலை என்ற விளக்கம் அதில் ஊன்றி நின்றது. அன்று திறந்த கதவு இன்றும் மூடவில்லை. தீர்வை என்றால் அரசமைப்பு தடுக்கும். ஆகவே அனுமதிக் கட்டணம், உரிமக் கட்டணம், ஒவ்வொரு முத்திரைச்சீட்டையும் ஆண்டுதோறும் பதிவு செய்யும் கட்டணம் எனப் பெயர்கள் பிறந்தன. பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடும் என்று மொழியியல் மாணவர் தேர்வில் எழுதினால் சுழிதான் கிடைக்கும்.

இந்தக் கட்டணங்கள் பெரிய நிறுவனத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. பத்து ஏக்கர் திராட்சையை நம்பிச் சிறு ஆலை நடத்துபவருக்கு அவை மதில். ஐந்து வகை ஒயின் செய்பவர் ஐந்து மாநிலத்தில் விற்க விரும்பினால் இருபத்தைந்து பதிவுகள். அதன் பிறகு ஒவ்வொரு லாரிக்கும் பெறும் மாநிலத்தின் ஒப்புதல், அனுப்பும் மாநிலத்தின் அனுமதி, இடைப்பட்ட மாநிலத்தின் கடப்புத் தாள், சரக்கு சேர்ந்ததும் அங்குள்ள கலால் அதிகாரி திருப்பி அனுப்ப வேண்டிய சரிபார்ப்புச் சான்று என்று நீளும். கடைசிச் சான்று வரும்வரை பிணையத்தொகை முடங்கிக் கிடக்கும். விஸ்கி வெயிலைத் தாங்கும். ஒயின் தாங்காது. மே மாதத்தில் தார்ப்பாய்க்கு அடியில் சில நாள் கிடந்தால் போதும். தக்கை மேலெழும்பும், சுவை கெடும். வழக்கில் வென்றாலும் திரும்பக் கிடைப்பது கெட்ட சாறுதான்.

இப்போது முதல் நண்பருக்கு. மதுவின் கேட்டை நான் மறுக்கவில்லை. குடியால் சிதைந்த குடும்பங்களை என் தெருவிலேயே அறிவேன். ஆனால் எல்லைச் சாவடிக் கெடுபிடி பொதுநலத்துக்காக என்ற கூற்றைச் சோதித்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில். கேரளத்தில் அதற்கென அரசுக் கழகம். கர்நாடகத்தில் மொத்த விற்பனை அரசுக் கழகத்திடம். தானே விற்கும் ஓர் அரசு பக்கத்து மாநிலப் புட்டியை மறிக்கும்போது குடிமக்களின் ஈரலைக் காக்கிறதா, தன் கல்லாவைக் காக்கிறதா? 2022 டிசம்பரில் பிஹாரின் சாரண் மாவட்டத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் விஷச் சாராயம் உயிர்களை வாரிக்கொண்டு போனது. ஒன்று முழு மதுவிலக்கு உள்ள மாநிலம், மற்றொன்று அரசே மது விற்கும் மாநிலம். முத்திரை உடையாத புட்டிகளின் தேதியைச் சரிபார்க்கும் கண்கள், ஊருக்குள் மெத்தனால் புழங்கியதைக் காணவில்லை. கல்லாவைக் காப்பதும் அரசின் நேர்மையான தேவைதான்; அப்படியே சொல்லலாமே. அதற்கு ஏன் உறுப்பு 47-ஐப் போர்த்திக்கொள்ள வேண்டும்?

இரண்டாம் நண்பருக்கு. ஜிஎஸ்டி இதற்கு மருந்தாகாது. மனிதர் அருந்தும் மதுவை அரசமைப்பே ஜிஎஸ்டிக்கு வெளியே வைத்திருக்கிறது. மாநிலங்களின் கையில் எஞ்சியிருக்கும் சில வரிகளில் இதுவும் ஒன்று. ஒரு லாரி ஓட்டுநரின் துன்பத்தைக் காட்டி அதையும் டெல்லிக்குக் கொடுத்துவிடச் சொல்வது, தலைவலிக்குத் தலையை வெட்டும் வைத்தியம். 2024 அக்டோபர் 23 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், எட்டாம் பதிவிலுள்ள 'போதை தரும் மது' என்ற தொடர் தொழிற்சாலைச் சாராயத்தையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தது. மாநிலங்களின் அதிகாரத்தை விரித்த அந்தத் தீர்ப்பை நான் வரவேற்றேன். ஆனால் அதிகாரம் விரியும்போது பொறுப்பும் விரிய வேண்டும். இந்த இரண்டாம் பாதியைத்தான் கூட்டாட்சி பேசும் நாம் மறந்துவிடுகிறோம்.

என் நிலைப்பாடு இதுதான். மதுவைத் தடை செய்யும் உரிமை மாநிலத்துக்கு இருக்கட்டும். வரி விதிக்கும் உரிமையும் இருக்கட்டும். ஆனால் சாலை எவருடைய தனிச்சொத்தும் அன்று. தன் மண்ணில் விற்கக் கூடாது என்று சொல்வது ஒரு மாநிலத்தின் உரிமை. தன் மண்ணைக் கடந்து வேறொரு மாநிலத்துக்குப் போகும் மூடிய சரக்கைக் குற்றமாக்குவது, அந்த வேறு மாநிலத்தின் உரிமையில் கைவைப்பது.

இது ஏட்டுச் சிக்கல் என்று எண்ண வேண்டாம். புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குச் சாலை வழியே ஒரு பெட்டி மது அனுப்ப வேண்டும் என்றால், ஒரே ஒன்றியப் பகுதிக்குள் அனுப்புவதற்கே தமிழ்நாட்டின் கடலூரையும் சீர்காழியையும் கடந்தாக வேண்டும். டையூவுக்குத் தரைவழி போகும் எதுவும் மதுவிலக்குள்ள குஜராத்தைத் தாண்டியே போகும். மேற்கிலிருந்து அசாமுக்குச் செல்லும் லாரிகள் பெரும்பாலும் 2016 முதல் மதுவிலக்கு நடப்பிலுள்ள பிஹாரின் நெடுஞ்சாலையில்தான் ஓடுகின்றன. நம் வரைபடமே 'வழியாக' என்ற சொல் இல்லாமல் நிற்காது.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் நீங்கியபோது மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசமைப்புத் திருத்தமே மாநிலங்களுக்கு அளித்தது. அங்கும்கூட, உள்ளூர் ஒயின் ஆலை நுகர்வோருக்கு நேரே அனுப்பலாம், வெளிமாநில ஆலை அனுப்பக் கூடாது என்ற மிச்சிகன், நியூயார்க் சட்டங்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005-இல் கிரான்ஹோம் வழக்கில் செல்லாதவையாக்கியது. மாநில அதிகாரமும் பாகுபாடற்ற வணிகமும் ஒன்றாக வாழ முடியும் என்பதற்கு அது ஒரு சான்று. அதற்குமேல் அதை இங்கு இழுக்க விரும்பவில்லை.

நான் கேட்பவை நான்கு.

ஒன்று: மாநிலங்கள் தமக்குள் பேசி, எல்லா மாநிலமும் ஏற்கும் ஒரே கடப்புத் தாளை உருவாக்க வேண்டும். மற்றப் பண்டங்களுக்கு 2018 முதல் மின்வழிச் சீட்டு மாநிலம் விட்டு மாநிலம் செல்கிறது. அருந்தும் மது அதற்கு வெளியே நிற்கிறது. வரியைத் தொடாமலேயே தாளை ஒன்றாக்கலாம்.

இரண்டு: தாளில் பிழை வேறு, கடத்தல் வேறு என்று சட்டம் எழுத்தில் பிரிக்க வேண்டும். முத்திரை உடையாமல், அளவு குறையாமல், குறித்த பாதையில் வந்த சரக்குக்கு நாள் தவறினால் அனுப்பியவருக்குத் தண்டத்தொகை விதிக்கட்டும். ஓட்டுநருக்குச் சிறை வேண்டாம்.

மூன்று: மகஜரும் கைதுக் காரணமும் கையொப்பமிடுபவர் அறிந்த மொழியில் தரப்பட வேண்டும். 1962-இல் ஹரிகிசன் வழக்கில், இந்தி மட்டுமே அறிந்த ஒருவருக்கு ஆங்கிலத்தில் காரணம் தந்த தடுப்புக் காவலை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தடுப்புக் காவலுக்குப் பொருந்தும் அறம் சோதனைச் சாவடிக்கும் பொருந்தும்.

நான்கு: 51-ஆம் பதிவின் 'சமமாகவோ குறைவாகவோ' என்ற சொற்களை, கட்டணம் என்று பெயரிட்டு ஏய்ப்பதை மாநிலங்கள் நிறுத்த வேண்டும்.

இந்த நான்கில் எதுவும் ஒரு சொட்டு மதுவைக்கூடக் கூடுதலாக விற்கச் சொல்லவில்லை என்பதை முதல் நண்பர் கவனிக்க வேண்டும். எதுவும் மாநிலத்திடமிருந்து ஒரு ரூபாய் வரியைப் பறிக்கச் சொல்லவில்லை என்பதை இரண்டாம் நண்பர் கவனிக்க வேண்டும்.

அண்ணனின் வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா நாமக்கல்லிலிருந்து ரயிலேறி வருகிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று பலர் அவருக்கு யோசனை சொல்கிறார்கள். சென்ற முறை வந்தபோது நானும் தயக்கத்தோடு அதையே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "கட்டிரலாந் தம்பி. ஆனா நான் இறக்குமதி பண்ணேன்னு எழுதிக் கையெழுத்துக் கேக்கறாங்க. நான் பண்ணலீங்களே."

மொழியைப் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நம்மில் எத்தனை பேர் ஒரு சொல்லின் பொருளுக்காக இவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம்?

மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். தனிமனித வசைகளைத் தவிர்த்து எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் தருவேன்.